கட்டட வேலை பாக்குறவங்க மனசையும் சைட்டுக்கு வந்து கேளுங்க

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் குமரி மாவட்டம் திருவட்டாறு பக்கத்துல இருந்து எழுதுகேன். கட்டட வேலைக்கு கையாளா போறவ. கல்யாணத்துக்கு முன்னாலயே இந்த வேலைக்கு வந்தாச்சு, இப்பம் மக நர்சிங் படிக்கா. சாந்து சட்டி சுமக்கது, கல்லு எடுத்து குடுக்கது, பூசின சுவருக்கு தண்ணி விடுகது இதெல்லாம்தான் எனக்க வேலை.

உங்க பேப்பர்ல மாவட்ட செய்தி பக்கத்துல ஓரமா ஒரு சின்ன நியூஸ் அப்பப்பம் வருது. உங்க பேப்பர்ல மட்டும்னு இல்ல, எல்லா பேப்பர்லயும்தான். கட்டட தொழிலாளி தற்கொலைன்னு தலைப்பு, கீழ நாலு வரி, ஆளுக்க வயசு, ஊரு, அதுக்கு பொறவு "குடிப்பழக்கம் இருந்ததாக கூறப்படுகிறது" இல்லன்னா "குடும்பத் தகராறில் மனமுடைந்து", கடைசில போலீசார் விசாரணை. அவ்வளவுதான். படிக்கிறவங்க குடிகாரன் போல இருக்குன்னு நினைச்சிட்டு அடுத்த பக்கம் போயிருவாங்க. நாங்க அப்படி போக முடியாது, ஏன்னா அந்த ஆளு கூட போன மாசம் ஒரே சாரத்துல நின்னு வேலை பாத்தவங்க நாங்க, பத்து மணி சாயா சேந்து குடிச்சவங்க, அவருக்க பிள்ளைக்கு எந்த ஸ்கூல்னு வரைக்கும் எங்களுக்கு தெரியும்.

மக கிட்ட இத பத்தி பேசிட்டு இருந்தப்பம் அவ தேசிய குற்ற ஆவண காப்பகத்துக்க 2022 ரிப்போர்ட்ட போன்ல எடுத்து காட்டினா. அந்த ஒரு வருஷத்துல இந்தியாவுல தற்கொலைல இறந்தது 1,70,924 பேரு, அதுல தினக்கூலிக்காரங்க 26.4 சதவீதம், அதாவது நாலுல ஒண்ணுக்கு மேல. 2014ல இது 12 சதவீதமாதான் இருந்துருக்கு. தமிழ்நாட்டுல மட்டும் 19,834 பேரு, மகாராஷ்டிராவுக்கு அடுத்தபடி நாமதான். தினக்கூலின்னா அதுல கட்டட வேலைய தனியா பிரிச்சு போடல, ஆனா கூலி வேலைன்னு போறவங்கள்ல எத்தன பேரு கட்டட வேலைக்கு போறாங்கன்னு நம்ம மாவட்டத்துல ஒரு தெருவுல காலைல ஏழு மணிக்கு நின்னு பாத்தா போதும். இன்னொண்ணும் காட்டினா. காரணம்னு போலீஸ் எழுதினதுல குடி, போதை பழக்கம் 6.8 சதவீதம்தான். குடும்ப பிரச்சனை 31.7, நோய் 18.4. அதுனால குடிச்சான் போயிட்டான்னு ஒரு வரில முடிக்கது சரியில்ல சார். குடி இருக்கு, நான் இல்லன்னு சொல்லல, அந்த குடியால என் வீட்லயும் சண்ட நடந்துருக்கு. ஆனா ஒருத்தன் எப்பம் அதிகமா குடிக்க தொடங்கினான்னு கூட வேலை பாக்குறவங்க கிட்ட கேட்டா அதுக்கு முன்னால என்ன நடந்துச்சுன்னு சொல்லுவாங்க, முட்டு வலி தாங்காம ராத்திரி உறங்குகதுக்கு குடிச்சவன், மூணு வாரம் வேலை இல்லாம வீட்டுக்கு வெறுங்கையோட போக நாணப்பட்டு குடிச்சவன், இப்படித்தான் இருக்கும்.

வேலை எப்படின்னு கொஞ்சம் சொல்லணும், ஏன்னா வெளிய இருந்து பாத்தா கொத்தனாருக்கு நல்ல கூலிதானேன்னு எல்லாரும் சொல்லுகாங்க. கூலி நல்ல கூலிதான், வேலை இருந்தா. நம்ம மாவட்டத்துக்கு மழை ரெண்டு தடவ. ஜூன்ல தொடங்குற தென்மேற்கு மழையும் உண்டு, ஐப்பசி கார்த்திகை மழையும் உண்டு, தமிழ்நாட்டுல மத்த ஜில்லாக்காரங்களுக்கு பெரும்பாலும் ஒரு மழைதான். வெளிப்பூச்சு, வார்ப்பு எல்லாம் அந்த மாசங்கள்ல நின்னு போகும். மழை விட்டா எம்சாண்ட் கிடைக்காது, குவாரி பிரச்சனை, டிப்பர் ஓடல, ஜல்லி விலை கூடிப்போச்சுன்னு வீட்டுக்காரங்க வேலைய நிறுத்துவாங்க. வீடு கட்டுறவங்க பாதி பேரு வெளிநாட்டு பைசாவுல கட்டுறவங்க, அங்க சம்பளம் தட்டினா இங்க ரெண்டாவது மாடி பாதில நிக்கும். அதுல ஒரு மேஸ்திரியும் எட்டு குடும்பமும் கூடவே நிக்கும். இப்படி வேலை இல்லாத வாரத்துல மேஸ்திரி கிட்ட அட்வான்ஸ் வாங்கணும், பொறவு வேலை தொடங்கினதும் சனிக்கிழமை கூலில அத பிடிச்சுதான் தருவாரு. அதுக்குள்ள குழு லோன்காரன் வாரத்துக்கு ஒருக்க வாசல்ல வந்து நிக்கான். நகை ஏற்கெனவே அடகுல. மக ஃபீஸ், அம்மைக்கு மருந்து, கோயில் வரி, கல்யாண மொய், ஒண்ணு கூட தள்ளிப்போட முடியாது.

கேரளாவுக்கு வேலைக்கு போறவங்க கதை வேற. களியக்காவிளை தாண்டி திருவனந்தபுரம் பக்கம் போனா கூலி கூடுதல், ஆனா விடியகாலம் நாலு மணிக்கு எழும்பி போய் ராத்திரி ஒம்பதுக்கு வந்து விழுகது, பிள்ளைங்க முழிச்சிருக்கப்பம் முகம் பாக்க முடியாது. கல்ஃப்ல இருந்து ஏஜெண்ட் ஏமாத்தி திரும்பி வந்தவங்களும் இந்த வேலைக்குத்தான் வாறாங்க. போகும்போது ஊரே வழியனுப்பினது, திரும்பி வந்து சொந்த ஊர்லயே கலவை கொழைக்கும்போது ஒருத்தர் கண்ணையும் நேரா பாக்க மாட்டாங்க. அவங்கள நான் ரொம்ப கவனிப்பேன்.

இப்பம் நான் நேர்ல பாத்த ஒண்ணு சொல்லுகேன், பேரும் ஊரும் சொல்ல மாட்டேன், அவரு இப்பமும் வேலை பாத்துட்டு இருக்காரு.

எங்க கூட ஒரு கொத்தனார் அண்ணன். பூச்சு வேலைல அவர மாதிரி கை கிடையாது. கொத்தனாருங்க அவங்கவங்க கரண்டிய வேற ஆளு தொட விடமாட்டாங்கன்னு வேலை பாக்குற எல்லாருக்கும் தெரியும், பிடி கைக்கு ஏத்தபடி தேஞ்சு போயிருக்கும், சாயங்காலம் கழுவி துடைச்சு சாக்குல சுத்தி பைல வச்சுதான் வீட்டுக்கு போவாங்க. அந்த அண்ணன் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் கரண்டியையும் ரசமட்டத்தையும் கழுவி எங்க கூட நிக்க கொச்சு பையன் கைல குடுத்து "நீ வச்சுக்கடே, நல்லா படிச்சு கொத்தனார் ஆயிரு"ன்னு சொன்னாரு. பையனுக்கு ஒரே சந்தோஷம். எனக்கு மட்டும் வயிறு கலங்கிச்சு. அதுக்கு முன்னால ஒரு மாசமாவே ஆளு சரியில்ல, சோத்துப்பொதி பாதி அப்படியே இருக்கும், கூப்பிட்டா ரெண்டாவது தடவதான் திரும்பி பாப்பாரு, எப்பவும் பாட்டு போடுற ஆளு ரேடியோ ஆன் பண்ணவே இல்ல. நூல் பிடிச்சு ஒரே தடவைல பூசுறவரு ஒரே சுவர மூணு தடவ தட்டி மறுபடி பூசினாரு.

எல்லாரும் கை கால் கழுவ போனப்பம் நான் போய் பக்கத்துல நின்னு கேட்டேன், "என்ன அண்ணே, கரண்டிய எதுக்கு குடுத்தியோ". "ஒண்ணும் இல்ல பிள்ளே". நான் விடல. "அண்ணே, சாகணும்னு எதுவும் நினைச்சு வச்சிருக்கியளா"ன்னு நேராவே கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு "மதி பிள்ளே, எல்லாம் மதி"ன்னு, போதும்னு, சொல்லி அங்கேயே சிமெண்ட் மூட மேல உக்காந்து அழுதாரு. அம்பது வயசு ஆளு. நான் ஒண்ணும் பெருசா பேசல, உபதேசம் பண்ணல, பிள்ளைங்கள நினைச்சு பாக்கலியான்னும் கேக்கல, ஏன்னா அவரு நினைச்சது முழுக்க பிள்ளைங்களதான், நான் இல்லன்னா அவங்களுக்கு பாரம் குறையும்னு ஒரு தப்பான கணக்கு போட்டு வச்சிருந்தாரு. நான் தனியா விடாம கூடவே இருந்தேன். மேஸ்திரிய கூப்பிட்டேன். மேஸ்திரி அவருக்க மச்சினன கூப்பிட்டாரு. மகளுக்கு போன் போட்டேன், அவதான் 14416க்கு அடிங்கம்மா, அது அரசுக்க மனநல உதவி நம்பருன்னு சொன்னது. ஸ்பீக்கர்ல போட்டு அடிச்சோம், தமிழ்ல பேசினாங்க, முதல்ல எங்க கிட்ட இப்பம் பக்கத்துல ஆளு இருக்கான்னு கேட்டாங்க, பொறவு அண்ணன் கிட்டயே பேசினாங்க, அவரு எங்க கிட்ட ஒரு மாசமா சொல்லாதத அந்த முகம் தெரியாத பிள்ளை கிட்ட சொன்னாரு.

நேரா கேட்டா இல்லாத நினைப்ப நாமளே கிளப்பி விட்டது மாதிரி ஆயிரும்னு நிறைய பேரு பயப்படுகாங்க. அப்படி இல்லன்னு உலக சுகாதார நிறுவனமே சொல்லுது, கேட்டா பாரம் குறையத்தான் செய்யும், நான் கண்ணால பாத்தேன். இத படிக்கிற ஒவ்வொரு மேஸ்திரியும் கொத்தனாரும் கையாளும் தெரிஞ்சு வச்சுக்கணும்னுதான் இத இவ்வளவு நீளமா எழுதுகேன்.

அடுத்த வேலை நாள் ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிக்கு மனநல ஓபிக்கு மச்சினன் கூட்டிட்டு போனாரு. டாக்டர் நல்ல மாதிரியா பேசினாராம், மாத்திரை குடுத்து குணம் தெரிய ரெண்டு மூணு வாரம் ஆகும், இடையில நிறுத்தப்பிடாதுன்னு சொல்லி அனுப்பிருக்காரு. இங்கதான் ஒரு விஷயம், இத பத்தி யாரும் எழுதி நான் பாக்கல. இந்த மாத்திரைல சிலது தொடக்கத்துல உறக்கம் வரும், தல லேசா சுத்தும். ஆபீஸ்ல உக்காந்து வேலை பாக்குறவங்களுக்கு அது ஒரு கொட்டாவியோட போயிரும். நாங்க நிக்கது ரெண்டாம் மாடி சாரத்துல, ஒரு பலகை மேல. அண்ணன் டாக்டர் கிட்ட நான் கட்டட வேலைன்னு சொல்லவே இல்ல, டாக்டரும் கேக்கல. ரெண்டாவது தடவ போனப்பம் மச்சினன் சொன்ன பொறவுதான் டாக்டர் மாத்திரைய ராத்திரிக்கு மாத்தி, கொஞ்ச நாள் உயரத்துல ஏற வேண்டாம்னு சொன்னாரு. எங்க மேஸ்திரி நல்ல மனுஷன், கீழ தரை வேலை, படிக்கட்டு பூச்சுன்னு பாத்து அவருக்கு வேலை போட்டாரு, அட்வான்ஸ் பிடிக்கதையும் வாரத்துக்கு பாதியா குறைச்சாரு. வேற மேஸ்திரின்னா சாரத்துல ஏற முடியாதவன் வரவேண்டாம்னு சொல்லிருப்பாங்க, அப்பம் மாத்திரைய விடுகதா கூலிய விடுகதான்னு வரும்போது எங்க ஆளுங்க எத விடுவாங்கன்னு உங்களுக்கே தெரியும். அந்த பையன் மறுவாரமே கரண்டிய கொண்டு வந்து அண்ணன் பைலயே வச்சிட்டான்.

ஓபிக்கு போறதுன்னாலே ஒரு நாள் கூலி போச்சு. திருவட்டாறுல இருந்து, அருமனைல இருந்து, பேச்சிப்பாறை மேல இருந்து ஆசாரிப்பள்ளம் வரணும்னா ரெண்டு பஸ் மாறணும், சீட்டு எடுத்து வரிசைல நின்னு டாக்டர பாத்து மாத்திரை வாங்கிட்டு வெளிய வரப்பம் மத்தியானம். மாவட்ட மனநல திட்டம்னு ஒண்ணு இருக்கு, அந்த டாக்டருங்க பக்கத்து அரசு ஆஸ்பத்திரிகளுக்கு வந்தும் பாக்குறாங்கன்னு மக சொன்னா. எந்த கிழமை எந்த ஊருன்னு எங்க சைட்ல ஒருத்தருக்கும் தெரியாது. தெரிஞ்சாலும் அது வேலை நாளாத்தான் இருக்கும்.

சுகர், பிரஷர் பாக்குகதுக்கு 2021ல மக்களைத் தேடி மருத்துவம்னு தொடங்கினாங்க, எங்க தெருவுக்கு அந்த பிள்ளைங்க வாறாங்க, நல்ல திட்டம், குறையே சொல்ல மாட்டேன். 2024ல தொழிலாளரைத் தேடி மருத்துவம்னு வேலை பாக்குற இடத்துக்கே வந்து பாக்க தொடங்கினாங்க. கம்பெனி, ஃபேக்டரின்னா சரி, நூறு பேரு ஒரே கேட்டுக்குள்ள வாறாங்க. எங்க சைட்டுன்னா ஒரு வீடு, ஆறு பேரு, அடுத்த மாசம் வேற ஊரு. எங்கள தேடி யாரு வருவா. ஆனா எங்களயும் ஒரே இடத்துல பிடிக்கலாம், காலைல ஆறரைல இருந்து ஏழரை வரைக்கும் ஜங்ஷன்ல, சாயா கடை முன்னால, வேன் வர காத்து நிக்கப்பம். மார்த்தாண்டம், தக்கலை, கருங்கல், திங்கள்சந்தை, வடசேரி எங்க போனாலும் அந்த நேரத்துல தூக்குச்சட்டியோட ஆளு நிப்பாங்க. சனிக்கிழமை சாயங்காலம் கூலி போடுற நேரத்துலயும் எல்லாரும் இருப்போம். ப்ரஷர் பாக்குகப்பவே உறக்கம் வருதா, பசி எப்படி, வாழ்க்கை வெறுத்து போச்சா, சாகலாம்னு நினைப்பு வந்துச்சான்னு நாலு கேள்வி சேத்து கேட்டா என்ன கூடுதல் செலவு ஆயிரும்?

பைசா இல்லன்னு மட்டும் சொல்லப்பிடாது. 1996ல சட்டம் வந்ததுல இருந்து கட்டட செலவுல நூத்துக்கு 1 ரூவா செஸ்னு வரி பிடிச்சு கட்டுமான தொழிலாளர் நல வாரியத்துக்கு போகுது. அது எங்களுக்குன்னு எடுத்து வச்ச பைசா. தமிழ்நாட்டு வாரியம் அதுக்கு முன்னாலயே 1994ல தொடங்கினது, நாட்டுக்கே முன்மாதிரி. பிள்ளைக்கு படிப்பு, கல்யாணம், பிரசவம், கண்ணாடி, பென்ஷன்னு உதவி இருக்கு, சாரத்துல இருந்து விழுந்து செத்தா குடும்பத்துக்கு பணம் தாறாங்க. எல்லாத்துக்கும் நன்றி. ஆனா மனசு சரியில்லன்னு வாரியம் மூலமா ஒரு ஆளு ஒரு உதவி வாங்கி எங்க சைட்ல நான் இதுவரை பாக்கல. விழுந்த பொறவு தர பைசால கொஞ்சம் விழாம இருக்க செலவு பண்ணலாமே. கார்டு புதுப்பிக்க வரும்போது ஒரு அட்டைல 14416னு பெரிய எழுத்துல அடிச்சு கைல குடுங்க. மனநல ஓபிக்கு போற நாளுக்கு சீட்ட காட்டினா அரை நாள் கூலியாவது தாங்க. மேஸ்திரிகளுக்கு ஒரு ஞாயித்துக்கிழமை கூப்பிட்டு எப்படி கவனிக்கணும், எப்படி கேக்கணும், எங்க அனுப்பணும்னு சொல்லி குடுங்க, போக்குவரத்து செலவு குடுத்தா கண்டிப்பா வருவாங்க.

இது நடக்காத காரியம் இல்ல. ஆஸ்திரேலியாவுல 2008ல இருந்து கட்டட தொழிலாளிங்களே கட்டட தொழிலாளிங்கள பாத்துக்கிற திட்டம் ஒண்ணு நடக்குது, மேட்ஸ் இன் கன்ஸ்ட்ரக்ஷன்னு பேரு. சைட்டுக்கே போய் எல்லாருக்கும் கொஞ்ச நேரம் பயிற்சி, அதுல கொஞ்ச பேருக்கு கூடுதல் பயிற்சி, பயிற்சி எடுத்தவங்க ஹெல்மெட்ல ஒரு ஸ்டிக்கர் ஒட்டிருப்பாங்க. மனசு கஷ்டம்னா அந்த ஸ்டிக்கர் போட்டவன் கிட்ட போய் பேசலாம்னு எல்லாருக்கும் தெரியும். அவங்க நாட்டுல பணம் இருக்குன்னு சொல்லலாம், ஆனா இதுல பணத்துக்க வேலை கொஞ்சம்தான். நம்ம சைட்ல ஹெல்மெட்டே கிடையாது, அது தனி கடுதாசி எழுத வேண்டிய விஷயம்.

பொம்பளைங்கள பத்தியும் சொல்லணும். கையாள் வேலைக்கு வரவங்கள்ல நிறைய பேரு வீட்டுக்காரன் இல்லாதவங்க, இல்லன்னா இருந்தும் பிரயோஜனம் இல்லாதவங்க. குழு லோன் எங்க பேர்லதான், வசூலுக்கு வரவன் எங்க கிட்டதான் சத்தம் போடுவான், வேலை பாக்குற சைட்டுக்கே வந்து நாலு பேரு முன்னால கேக்கான். கந்துவட்டிக்கு எதிரா 2003லயே சட்டம் வந்தாச்சு, கடன் குடுத்தவங்க மிரட்டி வசூல் பண்ணப்பிடாதுன்னு 2025ல சட்டசபைல மசோதாவும் நிறைவேத்தினாங்க, ஆனா சைட்ல வந்து நின்னு கத்துறவன் கிட்ட சட்டம் பேச எங்களுக்கு பக்கத்துல ஒரு ஆளு வேணும். ஆம்பிளைங்க குடிச்சாவது வெளிய தெரியும், பொம்பளைங்களுக்கு அதுவும் இல்ல, வேலைல சிரிச்சிட்டே இருந்துட்டு வீட்டுக்கு போய் அடங்கிருவாங்க. வேலை இடத்துல ஒதுங்க கக்கூஸ் கூட இல்லாம ஒரு நாள் முழுக்க நிக்கிற மனசு எப்படி இருக்கும்னு அதிகாரிங்க ஒருக்க யோசிக்கணும்.

வடக்க இருந்து வரவங்க, பீகார், ஒடிசா, மேற்கு வங்கம், அசாம் பையன்மாரு. தகர ஷெட்ல பத்து பேரு, வீட்டு நினைப்பு, மொழி தெரியாது. ராத்திரி போன்ல வீட்டுக்கு பேசிட்டு ஓரமா உக்காந்து இருக்கத பாத்துருக்கேன். பண்டிகைக்கு போக லீவு கிடைக்காம, அங்க அப்பன் இறந்தும் போக முடியாம இருந்த பையன் ஒருத்தனுக்கு நாங்கதான் கஞ்சி குடுத்து கூட இருந்தோம். 14416ல இந்தி, வங்காளம், ஒடியா, அசாமீஸ் எல்லாம் பேசுற ஆளு உண்டு, 20 மொழில இருக்கு. ஆனா அந்த ஷெட்டு சுவர்ல அந்த நம்பர் அவங்க எழுத்துல ஒட்டி வச்சாத்தானே அவங்களுக்கு தெரியும்? கான்ட்ராக்டர்மாரு அத செய்யலாம், ஒரு பேப்பர் பிரிண்ட் எடுக்க எவ்வளவு ஆகும்.

இன்னொரு பயம், கேஸ். ஒருத்தர் முயற்சி பண்ணி பிழைச்சா ஆஸ்பத்திரிக்கு கொண்டு போனா போலீஸ் கேஸ் ஆயிரும்னு வீட்லயே வச்சு பாக்குறவங்க இன்னும் இருக்காங்க, அந்த தாமதத்துலயே உயிரு போயிரும். 2017ல வந்த மனநல பராமரிப்பு சட்டம் 115ஆவது பிரிவுல அப்படிப்பட்டவங்க கடுமையான மன அழுத்தத்துல இருந்தாங்கன்னுதான் எடுக்கணும், தண்டிக்கப்பிடாது, அரசு அவங்களுக்கு சிகிச்சையும் மறுவாழ்வும் குடுக்கணும்னு இருக்கு. 2024 ஜூலை 1ல இருந்து நடைமுறைல இருக்க புது குற்ற சட்டத்துல முயற்சி பண்ணினாலே குற்றம்ங்கற பழைய 309 பிரிவே இல்ல. இத எங்க ஊர்ல வக்கீலுக்கு தெரியும், எங்களுக்கு தெரியாது. தயவு செய்து யாரும் பயந்து வீட்ல வச்சிருக்காதீங்க, உடனே 108க்கு அடிங்க. பிழைச்சு வந்த பொறவு முதல் சில வாரம்தான் ரொம்ப கவனமா இருக்க வேண்டியது, அந்த வாரத்துலதான் ஊர்ல எல்லாரும் வந்து "ஏன் இப்படி செய்த"ன்னு விசாரிச்சு மனச குத்துறாங்க. அதுக்கு பதிலா பக்கத்துல இருந்து சோறு போடுங்க, ஓபிக்கு கூட போங்க.

இப்பம் ஆசிரியர் ஐயா கிட்ட கேக்க வேண்டியது. இந்திய பத்திரிகை கவுன்சில் 2019ல தற்கொலை செய்தி எப்படி போடணும்னு வழிமுறை குடுத்துருக்கு. முதல் பக்கத்துல பெருசா போடாத, எப்படி செஞ்சாங்கன்னு விவரம் எழுதாத, ஒரே ஒரு காரணத்த சொல்லி முடிக்காதன்னு. நீங்க இத என்ன விட நல்லா தெரிஞ்சவங்க. நிருபர்மாருக்கு ஸ்டேஷன்ல இருந்து வர குறிப்புல எப்படி இருக்கோ அப்படியே போட வேண்டி வருதுன்னு எனக்கு புரியுது. இருந்தாலும் அந்த "குடிப்பழக்கம்"ங்கற வரிய ஒரு தொழிலாளிக்க மக நாளைக்கு ஸ்கூல்ல கேக்க வேண்டி வருது. அது இல்லாமலும் செய்தி போடலாம். கீழ உதவி எண் போடுறீங்க, சந்தோஷம், ஆனா அது பொடி எழுத்துல இருக்கு, சாயா கடைல கண்ணாடி இல்லாம பேப்பர் படிக்கிறவனுக்கு தெரியாது. கொஞ்சம் பெருசா போடுங்க.

கூடவே ஒரு உதவி. மாவட்ட மனநல டாக்டரு எந்த கிழமை எந்த அரசு ஆஸ்பத்திரிக்கு வாறாருன்னு ஒரு பட்டியல் வாங்கி வாரத்துக்கு ஒருக்க, வெள்ளிக்கிழமை பேப்பர்ல, மாவட்ட பக்கத்துல போடுங்க. ராசிபலனுக்கு இடம் இருக்கு, தங்கம் விலைக்கு இடம் இருக்கு, பேச்சிப்பாறை அணை நீர்மட்டத்துக்கு தினமும் இடம் இருக்கு, இதுக்கும் ரெண்டு இஞ்ச் தாங்க. சாயா கடைல பேப்பர் கிழியுகது வரைக்கும் எங்க ஆளுங்க படிப்பாங்க.

மாவட்ட கலெக்டர் இத பாத்தா, குறைதீர் நாள்ல மனுவாவும் குடுக்க ரெடியா இருக்கேன். நான் கேக்கது இதுதான்: ஞாயித்துக்கிழமை காலைல தக்கலையிலயோ குழித்துறையிலயோ அரசு ஆஸ்பத்திரில ஒரு மனநல ஓபி, மாசத்துக்கு ரெண்டு தடவ ஆனாலும் பரவால்ல. டாக்டருங்க சீட்டு எழுதும்போது என்ன வேலை, உயரத்துல ஏறுற வேலையான்னு ஒரு வரி கேக்கணும். ஜங்ஷன்ல காலைல ஒரு மணி நேரம் ஒரு நர்ஸ். நல வாரிய ஆபீஸ்ல ஒரு கவுன்சிலர், வேண்டாம் முழு நேரம், புதுப்பிக்க கூட்டம் வர நாள்ல மட்டும்.

இத படிக்கிற எங்க ஆளுங்களுக்கு: ராத்திரி ரெண்டு மணிக்கு மனசு கைவிட்டு போச்சுன்னாலும் 14416 எடுப்பாங்க, 24 மணி நேரமும் உண்டு, பைசா கிடையாது, பேரு சொல்லணும்னு கட்டாயம் இல்ல. அரசுக்க மருத்துவ உதவி நம்பர் 104லயும் பேசலாம். சென்னைல தற்கொலை தடுப்புக்குன்னு இருக்க சினேகா அமைப்புக்க நம்பர் 044-24640050. அடிக்க கூச்சமா இருந்தா கூட வேலை பாக்குற யார் கிட்டயாவது கொஞ்சம் பேசணும்னு மட்டும் சொல்லுங்க, மீதிய அவங்க கேப்பாங்க.

இப்படிக்கு,
ஒரு கட்டட தொழிலாளி,
திருவட்டாறு வட்டம், கன்னியாகுமரி மாவட்டம்.